கிளியைத் திருப்பி வரைதல்: ஓர் எட்டாம் வகுப்பு ஓவியப் பாடம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தை ஒட்டிய ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை மையமாக வைத்து ஒரு கல்வியாண்டில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் அந்தப் பள்ளியின் பகுதிநேர ஓவிய ஆசிரியை. யாருடைய பெயரையும் எழுதவில்லை. மாணவியின் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்களிடம் வருவதற்கு முன் அவள் இரண்டு பள்ளிகளில், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு முறைகளில் ஓவியம் படித்திருந்தாள். எட்டாம் வகுப்புக்கு வந்தபோது வரைவதையே விட்டிருந்தாள். ஏன் விட்டாள், மறுபடி எப்படித் தொடங்கினாள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது மற்ற ஓவிய ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் பயன்படலாம்.

பின்னணி

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்காக 2012இல் 16,000க்கும் அதிகமான பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். வேலை வாரத்தில் மூன்று அரை நாள். அந்த அரை நாட்களுக்குள் ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் பிரிவுகளையும் பார்க்க வேண்டும். ஆக, ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு டிராயிங் பீரியட் கிடைத்தால் நல்ல வாரம். பருவத் தேர்வு நெருங்கினால் அதுவும் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். பள்ளிப் பாடத்திட்டங்களுக்கு வழிகாட்டும் 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டம் பத்தாம் வகுப்பு வரை கலை ஒரு பாடமாகவே இருக்க வேண்டும் என்று சொன்னது. அந்த வாசகத்துக்கும் எங்கள் கால அட்டவணைக்கும் இடையில் இருக்கும் தூரத்தை எந்த ஓவிய ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

எங்கள் எட்டாம் வகுப்பில் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். பொருட்கள் என்று பார்த்தால் ஏ4 தாள், ஆளுக்கொரு பென்சில், பொதுப் பெட்டியில் உடைந்த கிரேயான்கள். வாட்டர் கலர் வைத்திருந்தவர்கள் சிலர்தான்.

மாணவியின் அப்பா வேன் ஓட்டுநர். வருமானம் குறைந்ததால் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து எட்டாம் வகுப்பில் எங்களிடம் சேர்த்தார்கள். படிப்பில் நடுத்தரம், கையெழுத்து அழகு. முதல் வாரமே வந்து, "டீச்சர், எனக்கு டிராயிங் வராது. நான் வேற ஏதாவது நோட்டு எழுதட்டுமா?" என்று கேட்டாள். கூச்சமோ அடமோ இல்லாமல், ரத்த வகையைச் சொல்வது மாதிரி சொன்னாள். அதுதான் என்னைக் கவனிக்க வைத்தது.

அவள் வந்த வழி

அவளுடைய அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது கொண்டுவந்து காட்டினார்.

ஐந்தாம் வகுப்பு வரை அவள் படித்தது விளையாட்டு வழியில் கற்பிக்கும் ஒரு சிறிய பள்ளி. அங்கே பிள்ளைகள் வரைந்ததை யாரும் திருத்த மாட்டார்கள். அப்படியே சுவரில் ஒட்டுவார்கள். அந்தக் காலத்துப் படங்கள் துணிச்சலானவை. ஒரு வீட்டின் சுவர் கண்ணாடி போல இருக்கிறது. உள்ளே அப்பாயி படுத்திருக்கிறார், அடுப்பில் பானை கொதிக்கிறது. அப்பாயி கதவைவிடப் பெரியவர். தாளின் அடியில் ஒரு கோடு, அதுதான் தரை. எல்லோரும் அதன் மேல் வரிசையாக நிற்கிறார்கள். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் வரைவார்கள் என்பதைக் கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947லேயே வகுத்துச் சொல்லியிருக்கிறார். ஒன்பது, பத்து வயதில் பிள்ளைக்கு இது போதாமல் போகும், தான் கண்ணால் பார்ப்பது போலத் தாளிலும் வர வேண்டும் என்ற ஆசை தொடங்கும் என்றும் அவர் சொன்னார்.

அந்த ஆசை இவளுக்கும் வந்திருக்கிறது. நான்காம் வகுப்பு அல்லது ஐந்தாம் வகுப்புப் படம் ஒன்றில் ஒரு நாய். பின்னங்காலை நாலைந்து தடவை அழித்து அழித்துத் தாள் மெலிந்துபோயிருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். "நாய்க்குப் பின்னங்கால் எப்படி மடங்கும்னு கேட்டேன் டீச்சர். உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே போடு, எல்லாமே அழகுதான்னு சொன்னாங்க." அவளுக்குத் தோன்றியது தவறாக இருக்கிறது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டாள். அந்த ஆசிரியை அன்பானவர் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஆறாம், ஏழாம் வகுப்புகள் ஒரு தனியார் பள்ளியில். அங்கே ஓவியத்துக்கு அச்சிட்ட புத்தகம் உண்டு, ஃபீஸோடு சேர்த்து வாங்க வேண்டும். இடது பக்கம் கிளி, தாமரை, மயில், தேசியக் கொடி. வலது பக்கம் வெற்றுக் கட்டம். ஆசிரியர் கரும்பலகையில் 2 என்று போட்டு அதை வாத்து ஆக்குவார், பிள்ளைகள் போடுவார்கள். புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போனால் 'வெரி குட்', இல்லாவிட்டால் சிவப்பு மையில் அதன் மேலேயே திருத்தம். அந்தப் புத்தகத்தையும் அம்மா வைத்திருந்தார். படங்கள் சுத்தமாக இருந்தன. ஆனால் சில பக்கங்களில் தாளின் பின்புறம் வரை மஞ்சளாக ஒரு கறை. நம்மில் பலருக்கு அது என்னவென்று தெரியும்: தாளில் தேங்காய் எண்ணெய் தடவினால் அடியில் இருக்கும் படம் தெரியும், அப்படியே மேலே ஓட்டிவிடலாம். இரண்டு வருடமும் அவள் அப்படித்தான் மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். மீதி நேரம் எதுவும் வரையவில்லை. பிளாஸ்டிக் பையில் அந்த இரண்டு வருடத்துத் தனிப்படம் ஒன்றுகூட இல்லை.

எண்ணெய் தடவியதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டது அச்சு மாறாத படம். அதற்கு மிகச் சரியான வழியை ஒரு பதினொரு வயதுப் பிள்ளை கண்டுபிடித்திருக்கிறாள்.

இந்த இரண்டு முறைகளுக்கும் நீண்ட மரபு உண்டு. பார்த்து அப்படியே போடுவது நமக்குக் காலனி காலத்தில் பாடமாக வந்தது. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி கைத்தொழிலுக்கும் அலங்கார வடிவங்களுக்கும் கை பழகியவர்களை உருவாக்கப் பார்த்தது. லோயர் கிரேடு, ஹையர் கிரேடு ஓவியத் தேர்வுகளுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் இன்றும் நாம் முதலில் கேட்பது அந்தக் கைத்துல்லியத்தைத்தான். பிள்ளையை அதன் போக்கில் விடும் முறைக்கு வியன்னாவில் 1897இல் ஃபிரான்ஸ் சிசெக் நடத்தத் தொடங்கிய சிறுவர் வகுப்பு ஒரு முன்னோடி. நம் நாட்டில் சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமத்துக்குப் போய், கைத்தொழில் வழியாகப் பாடம் கற்பிக்கும் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளோடு ஓவியத்தை வாழ்க்கையோடு சேர்த்துச் செய்து பார்த்தார். எனக்கு அவர் வழி மிகவும் பிடிக்கும். ஏனென்றால் அவர் பிள்ளையைச் சும்மா விட்டுவிடவில்லை. சுற்றியிருப்பதைப் பார்க்கவும் பழக்கினார். நம் பள்ளிகளுக்கு 'சுதந்திரம்' வந்து சேர்ந்தபோது அந்தப் பாதி பெரும்பாலும் உதிர்ந்துபோயிருந்தது.

வகுப்பில் கவனித்தது

ஒரு மாணவியை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் அவளுக்கு அது தண்டனை மாதிரி ஆகிவிடும். எனவே வகுப்பு முழுவதற்கும் ஒரு வேலை கொடுத்தேன். கரும்பலகையில் கிளி வரைந்தேன், எல்லோரும் போட்டார்கள். பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. அப்புறம், "இந்தக் கிளி இடது பக்கம் பார்க்குது. இப்ப அதை வலது பக்கம் பார்க்கிற மாதிரி போடுங்க" என்றேன்.

வகுப்பு திணறியது. சிலர் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து பின்பக்கமாக ஓட்டினார்கள். சிலர் தலையை மட்டும் திருப்பி உடம்பை அப்படியே விட்டார்கள். வகுப்பிலேயே நன்றாக வரைபவன் என்று பெயர் எடுத்த ஒரு பையன், நடிகர்கள் முகத்தைக் கட்டம் போட்டு அச்சு அசலாக வரைபவன், அவனும் அலகு வரை வந்து நின்றுவிட்டான். கிளியை அவர்கள் வரைந்திருந்தார்கள். கிளி எப்படி அமைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மாணவி தாளைத் தொடவே இல்லை.

அதே காலத்தில் தற்செயலாக இன்னொன்றையும் பார்த்தேன். பள்ளியில் ஒரு விழாவுக்கு வாசலில் கோலம் போடப் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் சிக்குக் கோலம் போட்டாள். புள்ளிகளை வைத்துவிட்டு, கம்பி எடுத்த இடத்திலேயே வந்து முடியும்படி தயங்காமல் சுற்றினாள். அப்பாயியிடம் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். வாசல் அகலமாக இருந்ததால், "ஒரு வரிசை புள்ளி கூட வை" என்று ஒரு ஆசிரியை சொன்னார். அவள் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள், வரிசையைக் கூட்டினாள், கம்பியை அதற்கேற்ற மாதிரி வளைத்தாள். கோலம் பிசகவில்லை.

இதுவும் பார்த்துப் போட்டதுதான். அப்பாயி என்ன போட்டாரோ அதையே வருடக்கணக்கில் போட்டிருக்கிறாள். ஆனால் அந்தக் கோலத்தை அவளால் பெரிதாக்க முடிந்தது, மாற்ற முடிந்தது. கம்பி எந்த இடத்தில் ஏன் திரும்புகிறது என்பது அவளுக்குத் தெரியும். கிளியில் அது இல்லை. நகலெடுப்பது சரியா, சுதந்திரமாக விடுவது சரியா என்று நாங்கள் ஆசிரியர்கள் காலம் காலமாக வாதாடுவது தவறான இடத்தில் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. வரைந்ததைப் பிள்ளையால் திருப்ப முடிகிறதா, கூட்டிக் குறைக்க முடிகிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். முடிந்தால், நகலெடுத்துக் கற்றிருந்தாலும் கற்றதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், அவளிடம் உருவம் எதுவும் வரையச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். 'எனக்கு வராது' என்று உறுதியாக நம்பும் பிள்ளையிடம் மறுபடி மறுபடி நாயும் கிளியும் கேட்டால் அந்த நம்பிக்கைதான் உறுதிப்படும். அவளுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினோம். 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைத்த ஒரு கோலத்தைப் பலகையில் பாதி போட்டு நிறுத்தி, மீதியை வகுப்பே முடிக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பது அவள். கால்பாகம் தெரிந்தால் போதும், அதைச் சுழற்றி வைத்தால் முழுக் கோலமும் வந்துவிடும் என்பதை அவள்தான் மற்றவர்களுக்குக் காட்டினாள். ஆண் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். ஒருவனால்கூடக் கம்பியை மூட முடியாமல் போனதும் சிரிப்பு நின்றது.

இரண்டாவது, அளவு. ஒரு பொருளைப் பார்த்து வரையும்போது பிள்ளைகள் தடுமாறுவது விகிதத்தில்தான். ஓவியக் கல்லூரியில் எங்களுக்குப் பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டாம் வகுப்புக்கு அது சரிப்படவில்லை. கை ஆடும், ஒவ்வொரு தடவையும் வேறு அளவு வரும். ஆனால் பக்கத்திலேயே சுவாமிமலை இருக்கிறது. அங்கே வெண்கலச் சிலை செய்யும் ஸ்தபதிகள் தென்னை ஓலையைக் கீற்றாகக் கிழித்து, சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அளவு வைத்துக்கொள்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம்; நவதாளம் என்றால் உடல் அதைப் போல ஒன்பது மடங்கு. ஸ்கேல் இல்லை, எண் இல்லை, எல்லாம் மடிப்புதான்.

அதையே வகுப்புக்குக் கொண்டுவந்தோம். ஒரு பித்தளைச் சொம்பை மேசையில் வைத்து, அதன் உயரத்துக்கு ஓலை வெட்டி, இரண்டாக, நான்காக மடித்து, வாய் எத்தனை மடிப்பு, கழுத்து எத்தனை மடிப்பு, வயிறு எத்தனை மடிப்பு என்று பார்த்தார்கள். ஓலையைத் தாளின் மேலேயே வைத்து அதே அளவில் வரைந்தார்கள். பெருக்கல், வகுத்தல் எதுவும் தேவையில்லை. உருவம் வராது என்று சொன்னவள் சொம்பை அளந்தாள், புள்ளி வைத்தாள். புள்ளி வைத்த பிறகு கோடு இழுப்பது அவளுக்குப் பழக்கமான வேலை. படம் வந்த பிறகுதான் தான் உருவம் வரைந்துவிட்டோம் என்பது அவளுக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். அன்றைக்கு நான் அதைப் பெரிதாகப் பாராட்டவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன், பாராட்டினால் அடுத்த படத்தில் பயம் வந்துவிடும்.

மூன்றாவது, கிடப்பில் இருந்த அந்தக் கேள்வி. சத்துணவுக் கூடத்துக்கு அருகில் மதியத்தில் ஒரு தெருநாய் வந்து படுக்கும். வகுப்பை அங்கே கூட்டிப்போனேன். வரையச் சொல்லவில்லை, பின்னங்காலில் எத்தனை மடிப்பு இருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். நாய் எழுந்து சோம்பல் முறித்தபோது அவள்தான் முதலில் சொன்னாள்: "முட்டி பின்பக்கமா மடங்குது டீச்சர்." அது முட்டி இல்லை. நாய் விரல்களில் நடக்கிறது. பின்னால் துருத்திக்கொண்டு தெரிவது அதன் குதிகால். உண்மையான முட்டி மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போலவே முன்பக்கம்தான் இருக்கிறது. பிள்ளைகளை நுனிக்காலில் நிற்கச் சொன்னேன், புரிந்துவிட்டது. அதன் பிறகு பலர் ஆட்டையும் மாட்டையும்கூடச் சரியாகப் போட்டார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. இந்த விளக்கத்துக்குச் செலவான நேரம் மிகக் குறைவு. நான்காம் வகுப்பிலேயே யாராவது அவளை ஒரு நாயின் முன்னால் நிறுத்தியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தாராசுரம்

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பெற்றோர் கையெழுத்தோடு ஒரு சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் தாராசுரம் போனோம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில், 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பிள்ளைகளில் பலர் கோயிலுக்கு வந்திருக்கிறார்கள், நின்று பார்த்ததில்லை.

அங்கே யானைக்கும் காளைக்கும் ஒரே தலை வைத்த ஒரு சிற்பம் உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. இதை வரையச் சொன்னேன். பாதிப் பேர் யானையை வரைந்துவிட்டு அதன் மேல் காளையை ஒட்டப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. அவள் தலையை மட்டும் முதலில் போட்டாள். ஓலையில் தலையின் நீளத்தை எடுத்து இரண்டு பக்கமும் உடல்களை அளந்தாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த தோழியிடம், "ஒரு கோடு ரெண்டு வேலை செய்யுது பாரு, கம்பி மாதிரி" என்றாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கோலத்திலிருந்து சிற்பத்துக்கு அவளே போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் படம் அழகானது இல்லை. யானையின் கால்கள் குட்டை. ஆனால் அது ஓட்டிய படமும் இல்லை, மனம் போன போக்கில் போட்டதும் இல்லை.

இடையில் வந்த சிக்கல்கள்

கலைத்திருவிழா அறிவிப்பு வந்தது. 2022-23ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய இந்தப் போட்டிகள் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். எங்கள் பிள்ளைகளுக்கு மேடை கிடைப்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் தயாரிப்பு எப்படி நடக்கும் என்பதும் தெரிந்ததே: இரண்டு மூன்று தலைப்புகளை ஊகித்து, ஒரே படத்தைக் கை பழகும் வரை போட வைப்பது. பள்ளிக்குப் பரிசு வேண்டும் என்று தலைமையாசிரியர் எதிர்பார்த்தார், அதில் தவறில்லை.

கட்டம் போட்டு வரையும் அந்தப் பையனைத் தேர்ந்தெடுத்தேன். அவனுக்கு அந்த முறை கைவந்தது, போட்டியில் அவனுக்கு விருப்பமும் இருந்தது. அவனுடைய முறையை நான் கலைக்கவில்லை. ஒன்றே ஒன்று சேர்த்தேன்: பயிற்சிப் படத்தில் வாரம் ஒரு பொருளை இடம் மாற்றியோ திருப்பியோ போட வேண்டும். முதலில் முணுமுணுத்தான், பிறகு செய்தான். வட்டார அளவில் இரண்டாம் இடம் வந்தான். பழகிய படத்துக்குத்தான் அந்தப் பரிசு என்பதையும் எழுதிவிட வேண்டும். அந்த மாணவியையும் போட்டிக்கு அனுப்பலாமா என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். மதிப்பெண்ணுக்காகப் படம் போட்டுத்தான் அவள் வரைவதை விட்டாள். கை திரும்பிவந்த சில மாதங்களுக்குள் நடுவர் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

எதிர்பாராத சிக்கல் அறிவியல் நோட்டிலிருந்து வந்தது. செம்பருத்தியின் நெடுக்குவெட்டுத் தோற்றம் வரைய வேண்டும். அவள் பறித்த பூவை பிளேடால் வெட்டி, ஓலையில் அளந்து, பார்த்ததை வரைந்தாள். மகரந்தத்தாள்கள் ஒரே குழலாகச் சேர்ந்திருப்பதும், அதன் நடுவே சூல்தண்டு போய் உச்சியில் ஐந்தாகப் பிரிவதும் அதில் தெளிவாக இருந்தன. ஆனால் பூ கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஒரு இதழ் மடங்கியிருந்தது. அறிவியல் ஆசிரியர், "புத்தகத்துல இருக்கிற மாதிரி போடும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் என்னிடம் வந்து நின்றபோது முகம் பழையபடி ஆகியிருந்தது.

அந்த ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தேர்வில் விடைத்தாள் திருத்துபவர் பாடப்புத்தகப் படத்தைத்தான் எதிர்பார்ப்பார். அதிலிருந்து விலகினால் மதிப்பெண் போகும். இருவரும் உட்கார்ந்து பேசினோம். தேர்வுக்குப் புத்தகப் படம். செய்முறை நோட்டில் எதிரே இருக்கும் பூ, இலை, வெங்காயத் தோல் எதுவானாலும் பார்த்தது பார்த்தபடி, தேதி போட்டு. இந்த ஏற்பாட்டை அவரே வகுப்பில் அறிவித்தார். அது அவளுக்கு நான் சொன்ன எதையும்விடப் பெரிய பலத்தைக் கொடுத்தது. புத்தகத்தில் உள்ள படம் ஒரு பொதுமாதிரி, கையில் இருக்கும் பூ ஒரு தனிப் பூ என்று அவர் கொடுத்த விளக்கம் ஓவிய வகுப்புக்கும் உதவியது. நானும் அதை எடுத்துக்கொண்டேன்.

விளைவு

ஆண்டின் கடைசியில் வகுப்பு முழுவதற்கும் மறுபடி கிளி கொடுத்தேன், திருப்பியும் போடச் சொன்னேன். பாதிக்கும் மேற்பட்டவர்கள் திருப்பிவிட்டார்கள். அவள் திருப்பியதோடு கிளியைக் குனிந்து கொய்யாவைக் கொத்த வைத்திருந்தாள். அலகு எங்கே இருந்து வளைகிறது என்று வீட்டுப் பக்கத்தில் வளர்க்கும் ஒரு கிளியைப் போய்ப் பார்த்தாளாம்.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். ஓவியராகப் போகிறேன் என்று சொல்லவில்லை, நானும் அப்படி எதிர்பார்க்கவில்லை. செய்முறை நோட்டை ஆசையாகப் போடுகிறாள். அம்மாவின் பையில் புதிய படங்கள் சேர்கின்றன. பெரும்பாலும் சமையல் பாத்திரங்களும் அப்பாயி உட்கார்ந்திருக்கும் விதங்களும்.

எல்லோருக்கும் இது பலித்தது என்று சொல்ல முடியாது. வண்ணம் தீட்டுவதில் ஆர்வமாக இருந்த சில பிள்ளைகளுக்கு அளப்பதும் பார்ப்பதும் சலித்துப்போனது. அவர்களில் இருவர் ஆண்டின் பிற்பாதியில் பெயருக்குத்தான் வகுப்பில் இருந்தார்கள். கவனக்குறைவு உள்ள ஒரு பையனுக்கு, நின்று பார்க்கும் வேலைகள் எதுவும் ஒத்துவரவில்லை. களிமண் கொடுத்த அன்று மட்டும் ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்திருந்தான். பீரியட் தொடர்ந்து இரண்டு வாரம் பறிபோனால் வகுப்பு மறுபடி எண்ணெய்த் தாளுக்கே போய்விட்டதையும் பார்த்தேன். அரை நாள் வேலையில் இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அடுத்து மாற்றுபவை

இந்த வேலையை எட்டாம் வகுப்பில் தொடங்குவது தாமதம். ஆறாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே ஓலையும் சொம்பும் வந்துவிடும். நகலெடுப்பதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் நகலெடுத்த ஒவ்வொரு படத்தோடும் ஒரு மாற்றம் கேட்பேன்: திருப்பு, பெரிதாக்கு, ஒரு வரிசை கூட்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை கற்பனையில் ஏதாவது வரைந்தால் அதைத் திருத்த மாட்டேன். 'இது எப்படி' என்று அந்தப் பிள்ளை கேட்டுவிட்டால், அன்றைக்கே பொருளின் முன்னால் கூட்டிப்போக வேண்டும்.

களிமண்ணுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். கும்பகோணம் பக்கத்தில் வண்டல் மண்ணுக்குப் பஞ்சமில்லை, காசும் ஆகாது. வண்ணத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு அளவு வேலைக்கு நடுவே செம்மண், மஞ்சள், அடுப்புக் கரி, சுண்ணாம்பு என்று வீட்டிலிருந்து எடுக்கும் நிறங்களில் ஒரு பருவம் முழுக்கக் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.

அறிவியல் ஆசிரியருடன் செய்த ஏற்பாட்டை இனி ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசி வைக்கப் போகிறோம். சிக்கல் வந்த பிறகு பேசியதால் ஒரு பிள்ளை நடுவில் நின்று அவதிப்பட வேண்டியிருந்தது. அருகில் உள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியைகளிடமும் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன்: பிள்ளைகள் வரைந்ததைத் தூக்கிப் போடாமல், பின்னால் தேதியும் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி ஏதாவது இருந்தால் அதையும் ஒரு வரி எழுதி, ஆறாம் வகுப்புக்கு வரும்போது கொடுத்தனுப்ப வேண்டும். ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றவர் நேரமில்லை என்கிறார். அவரிடம் இந்த ஜூன் மாதம் மறுபடி கேட்பேன்.